இரண்டாவது சேதி

பேய்க்கதை எழுதுபவர்கள் எல்லாரும் ராத்திரியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வெயில் உச்சந்தலைக்கு நேராக நிற்கும்போது திண்டிவனத்தில் ஒரு தெருமுனையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். நாய்கூடக் குரைக்காது. நிழல் காலுக்கடியில் பதுங்கிக் கிடக்கும். உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று பிள்ளைகளை விரட்டுகிற ஊர் அது. நாங்கள் பயத்தை விளையாடியதும் அந்த வேளையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டின் முன்பக்கத்திலேயே நான் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிய பிறகு.

எண்பதுகளின் நடுவில் ஆரம்பித்த பைத்தியம் இது. மாணவர்கள் அடித்துப் பழகுவதற்கு ஒரு பக்கம் வெற்றாக உள்ள தாள்களை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய பேப்பர் கடையில்தான் வாங்குவேன். ஒருநாள் அங்கே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பாண்டிச்சேரிப் பக்கம் செம்மண் மேட்டில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது எடைக்குப் போட்டுவிட்டுப் போனதாம். உள்ளே மெல்லிசான புத்தகங்கள். முதுகில் இரண்டு பின் குத்தி, அட்டையில் யாரோ கையால் வரைந்த படம். பல்லும் கண்ணும் வாலுமாக ஏதேதோ. உள்ளே அச்சுகூட இல்லை, டைப் அடித்து நகல் எடுத்தது. எழுத்துகளின் வயிறெல்லாம் மை அடைத்துக் கிடந்தது. என் மாணவன் ஒருவன் இப்படி அடித்திருந்தால் ஸ்டூலிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் அந்தப் பெட்டியை நான் கடைக்காரரிடம் திருப்பித் தரவில்லை.

அது ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாகப் போய் இருப்பார்கள். பாழடைந்த வீட்டின் கதவு திறந்திருக்கிறது என்று கதை சொல்பவர் சொன்னால், நான் உள்ளே போகிறேன் என்றோ, நான் வீட்டுக்குத் திரும்புகிறேன் என்றோ அவர்கள் சொல்ல வேண்டும். உள்ளே போனவர் தப்பித்தாரா இல்லையா என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். விளையாட்டின் பெரிய விதிப்புத்தகத்தை ஏதோ கம்பெனி போட்டது. பெட்டியில் அதுவும் ஒன்று இருந்தது. எனக்குப் பிடித்தவை அந்தப் பின் குத்திய துணைப் புத்தகங்கள்தான். யாரோ இரண்டு பேர், மூன்று பேர், மழை பெய்கிற ஏதோ ஓர் ஊரில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தங்களுக்கு எதைக் கண்டால் பயமோ அதை ஒரு கதையாக எழுதி அனுப்பியவை. கம்பெனிக்காரன் விற்பதற்காகப் பயமுறுத்துவான். இவர்கள் உண்மையிலேயே பயந்தவர்கள்.

ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், விளையாடிப் பார்த்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள் என்று முகவரி போட்டிருந்தார்கள். ஏர்மெயில் தாளில் பிழையில்லாமல் டைப் அடித்து அனுப்பினேன். மூன்று நான்கு மாதம் கழித்துக் கடல்வழித் தபாலில் அடுத்த புத்தகம் வந்தது, இனாமாக. கூடவே அவர்களுடைய சின்னப் பத்திரிகை ஒன்று. அதில் என் கடிதம் மதிப்புரையாக அச்சாகியிருந்தது. அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதன் பிறகு பல ஊர்களிலிருந்து எனக்குப் புத்தகம் வர ஆரம்பித்தது. தபால்காரர் சந்தேகத்தோடு பார்த்தார். அட்டையில் எலும்புக்கூடு வருகிற தபாலை வேறு யார் வாங்குவார்கள்!

மதிப்புரைக்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். விளையாடாமல் எழுதக்கூடாது. பையில் வந்த எண்ணை மாற்றிச் சொல்லக்கூடாது. சமைக்காமல் உப்புச் சரியில்லை என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது.

பை என்று சொன்னேனே, அது மஞ்சப்பை. ஒன்று முதல் நூறு வரை எண் எடுக்கப் புத்தகத்தில் கேட்டிருந்த இரண்டு பத்துப் பக்கப் பகடைகள் எங்களுக்கு எங்கே கிடைக்கும்? கல்யாண வீட்டில் பொழுதுபோக்குக்கு ஆடுகிற தம்போலாவின் நம்பர் வில்லைகளை வாங்கி, தொண்ணூறோடு நின்றதை அட்டை வெட்டி நூறாக்கி, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்தோம். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சொன்ன எல்லைக்குக் கீழே வந்தால் பிழைத்தீர்கள், மேலே போனால் போனதுதான். ஆபத்து பெரிதாகப் பெரிதாக எல்லை கீழே இறங்கும். பகடை மேசையில் உருண்டு எல்லார் கண்ணுக்கும் முன்னால் முடிவு சொல்லும். பை அப்படியில்லை. உள்ளே விட்ட கை கொஞ்ச நேரம் தேடும். என்னைக் கேட்டால் பகடையைவிடப் பைதான் பயங்கரம்.

ஆடுபவர்கள் மூன்று பேர். என் மனைவி, மதியம் கடையைச் சாத்திவிட்டு வருகிற மெடிக்கல் ஷாப்காரர், விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வருகிற என் நண்பர். நண்பர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். கறுப்புச் சட்டைக்காரர். சாமியும் கிடையாது, பேயும் கிடையாது என்று மேடையில் பேசிவிட்டு வந்து என் வீட்டில் பேய் விளையாடுவார். கதைக்குள் போகிறவர்கள் புதுப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. அவர் மறுத்துவிட்டார்.

“வேற பேர வெச்சுக்கினு எவனோ சாவறதுக்கு நான் ஏன்யா பயப்படணும்? எம் பேரே இருக்கட்டும். அப்பதான் உள்ள உதறும்” என்றார்.

அது சரியாகப் பட்டது. எல்லாரும் சொந்தப் பெயரிலேயே ஆடினோம். மெடிக்கல்காரர் எத்தனையோ முறை சொந்தப் பெயரில் செத்துப் போய், எழுந்து காப்பி குடித்துவிட்டுக் கடை திறக்கப் போயிருக்கிறார்.

வெள்ளைக்காரன் எழுதிய ஊரை அப்படியே வைத்தால் எங்களுக்கு ஒட்டாது. மூடுபனி வந்தது என்றால் மெடிக்கல்காரர், மார்கழியா என்று கேட்பார். கல்லறைத் தோட்டம் என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள், சுடுகாட்டைத் தாண்டித்தான் தினமும் பஸ் பிடிக்கிறோம். பெரிய பங்களாவில் ஒருத்தி தனியாக ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்கிறாள் என்றால் என் மனைவி எரிந்து விழுவாள்: “ஏன் தனியா போவணும்? பக்கத்து வூட்டுல ஆளே இல்லையா?” இதையெல்லாம் அப்படியே மதிப்புரையில் எழுதுவேன். அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கதையை நம் பக்கத்துக்கு மாற்றி ஆடினோம்; ஏரியைப் பெண்ணையாறு ஆக்கினோம், பங்களாவை விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம்.

புத்தகம் நல்லதா இல்லையா என்று முடிவு செய்வது நானில்லை, என் மனைவி. ஆட்டம் முடிந்து சாப்பிடுவதற்கு முன் கொல்லைக் கிணற்றடிக்குக் கை கழுவப் போக வேண்டும். பட்டப்பகல். போகிறவர் தனியாகப் போனால் புத்தகம் சுமார். “ஏய், கூட வாயேன்” என்று யாராவது யாரையாவது கூப்பிட்டால் நல்ல புத்தகம். இந்தக் கிணற்றடிக் கணக்கை இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை வெகுவாகப் பாராட்டி எழுதியது.

நண்பருக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. வால்வு சரியில்லை. விழுப்புரம் ஸ்டேஷன் மேம்பாலத்துப் படியில் நடுவில் நின்று, விளம்பரத்தைப் படிப்பது போல் மூச்சு வாங்கிக்கொள்வார். கூடப் போனால் நானும் விளம்பரம் படிப்பேன். ஒரு வருஷம் மார்கழியில் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில், பொங்கல் கழிந்ததும் வந்து சேர்ந்துவிடுங்கள், ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் நாலு பேருக்கும் வேறு நினைப்பே இல்லை. யாரும் அதைப் பேசவும் இல்லை.

அப்போதுதான் காக்காய் விஷயம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டும்போது உச்சி வெயிலில் ஒரு காக்காய் பறந்து வந்து அவர் தலையில் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றுவிட்டது.

“அண்ணே, இத லேசுல விடக்கூடாது. நீங்க போயிட்டீங்கன்னு சொந்தக்காரங்களுக்கு சேதி சொல்லி அனுப்பணும். அவங்க நம்பி அழுவணும். அழுது முடிச்சதும், இல்ல, நல்லாதான் இருக்காருன்னு ரெண்டாவது சேதி சொல்லிடலாம். வந்தது அத்தோட போயிடும்.”

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எமனுக்குக் கணக்குக் காட்டுவது போல. அழுகை நிஜமாக இருக்க வேண்டும், சாவு மட்டும் பொய்யாக இருக்க வேண்டும்.

நண்பருக்கு இருந்த சொந்தம் ஒரே ஒரு அக்கா. திருவெண்ணெய்நல்லூரைத் தாண்டி ஆற்றோரக் கிராமத்தில் மாமாவோடு கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் பயிர் வைத்திருந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர்.

“எங்கக்காவ அழவெச்சுட்டு நான் பொழைக்கணுமா? பேஜாரும்மா இது, வாணாம்” என்றார் நண்பர். என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இன்னிக்கி ஆட்டத்துல நான் செத்துப் போறேன். எம் பேருதானே? நீங்க மூணு பேரும் அழுதுடுங்க” என்றார்.

அன்றைக்கு எடுத்து வைத்திருந்தது உப்பளத்துக் கதை. மூலத்தில் ஏதோ சதுப்பு நிலம். நான் அதை மரக்காணம் உப்பளமாக்கியிருந்தேன். உச்சி வெயிலில் வெள்ளை வெளேரென்ற பாத்திகளுக்கு நடுவே தூரத்தில் ஓர் ஆள் நிற்பான். நிழல் இருக்காது. கிட்டே வரவர அவனுக்கு நம்முடைய முகம் இருக்கும். என் சேகரிப்பிலேயே மோசமாக டைப் அடிக்கப்பட்ட புத்தகம் அது. நிறைய புத்தகம் பார்த்துவிட்ட நானே அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாமல் வகுப்பு நடக்கும்போது படித்தேன்.

நண்பர் நேராக அந்த ஆளை நோக்கி நடந்தார். கதையில்தான். எல்லையை மிகவும் கீழே இறக்கிச் சொன்னேன். பைக்குள் கையை விட்டார். எடுத்த வில்லை நாலு. அந்த உருவம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பி அதன் பின்னாலேயே போனார். மறுபடியும் சின்ன எண். அவரைக் காப்பாற்றப் போன மெடிக்கல்காரர் செத்தார். என் மனைவியும் செத்தாள். இவர் உப்புக் குழிக்குள் குதித்தார், அந்த உருவத்தின் கையைப் பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டு பையைக் கலக்கினார். ஒன்பது வந்தது, இரண்டு வந்தது. முதலில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு மெடிக்கல்காரர் சிரிப்பை நிறுத்தினார். வெளியே வெயில் ஜன்னல் கம்பியைச் சுட்டுக்கொண்டிருந்தது.

“இன்னாய்யா இது, என்ன வாணாங்குதா?” என்றார் நண்பர். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

“ஏங்க, ஒரு எண்ணுதானே. மாத்திச் சொல்லிடுங்களேன்” என்றாள் என் மனைவி.

முடியாது என்றேன். பையில் வந்ததுதான் வந்தது. நண்பரும் என் பக்கம் சேர்ந்துகொண்டு, மாஸ்டர் சொல்றதுதான் சரி, மாத்தினா அப்புறம் இன்னாத்துக்கு ஆடறது என்றார். உப்பளத்தில் எல்லாரும் செத்துக் கிடக்க, அவர் பெயர் மட்டும் உயிரோடு நின்றது. கிணற்றடிக்கு அன்றைக்கு நாலு பேரும் சேர்ந்துதான் போனோம்.

என் மனைவி அதற்குமேல் விடவில்லை. அவள் அழுத அழுகையில் பகுத்தறிவு தோற்றது. “சரி, போய் சொல்லிட்டு வாய்யா. ஆனா அதிக நேரம் அழ வுடாத. ஜல்தியா ரெண்டாவது சேதிய சொல்லிடு” என்று நண்பர் என்னை அனுப்பினார்.

திருவெண்ணெய்நல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரும்புக்கு நடுவே நடந்தேன். கதை சொல்லி எத்தனை பேரைச் சாகடித்தவன் நான்! எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டேன். அவரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “இன்னா தம்பி? அவனுக்கு ஏதாவதா?”

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த அழுகையை நான் எழுத மாட்டேன். எத்தனையோ மதிப்புரைகளில் பயம், திகில், நடுக்கம் என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொற்களையெல்லாம் அன்றைக்கு அந்தக் களத்துமேட்டில் பொறுக்கித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. தெருவே ஓடி வந்தது. நான் அவசர அவசரமாக, அக்கா, இல்லக்கா, நல்லாதான் இருக்கார், காக்கா அடிச்சிடுச்சு, அதுக்குத்தான் என்று கத்தினேன். புரிவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அழுத கண்ணோடு சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

“பாவி, உசுரே பூடுச்சு. போவட்டும், இதையாவது ஒழுங்கா பண்ணீங்களே. இனிமே எந் தம்பிக்கு ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிக் கேப்பைக் களி போட்டு, ஒரு பை நிறைய மல்லாட்டை கட்டிக் கொடுத்தார். பொங்கல் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தானும் வந்து கூடவே இருப்பதாகச் சொன்னார்.

நண்பர் அந்த மல்லாட்டையைத் தின்றுகொண்டே, “ரொம்ப அழுதுச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் தோலை மட்டும் உரித்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு முகத்தில் களை வந்தது. எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசு லேசாகிவிட்டது. நம்பாதவனுக்கும் பரிகாரம் முடிந்தால் ஒரு நிம்மதி வரத்தான் செய்கிறது.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. புதுப் புத்தகம் ஒன்று வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் கடைசி ஆட்டம் என்று பேச்சு. அவரை அழைத்து வர நானே திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போனேன். பாசஞ்சர் வந்தது, இறங்கியவர்கள் போனார்கள், பிளாட்பாரம் காலியானது. கடைசி முனையில் வெயிலில் கறுப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனேன். வேறு யாரோ.

விழுப்புரம் மேம்பாலத்துப் படியில், எப்போதும் நிற்கிற அதே இடத்தில், நண்பர் உட்கார்ந்திருக்கிறார். ரயில் புறப்பட்ட பிறகும் எழுந்திருக்காததைப் பார்த்து ஒரு போர்ட்டர் தொட்டிருக்கிறார். சேதி எனக்கு வந்தபோது உடலை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மெடிக்கல்காரரை அங்கே இருக்கச் சொல்லிவிட்டு நான் திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறினேன். வேறு யாருக்கும் அந்த வீடு தெரியாது.

கரும்பு வெட்டி முடித்த வயல் வெட்டவெளியாகக் கிடந்தது. அதனால் வெகு தூரத்திலிருந்தே அக்கா என்னைப் பார்த்துவிட்டார். நான் கிட்டே போகப் போக அவர் முகத்தில் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.

“வா தம்பி. இன்னா, இன்னொரு காக்காவா?”

அக்கா, அவர் போயிட்டார்க்கா என்றேன். இந்த முறை வாய்விட்டுச் சொன்னேன். முழு வாக்கியமாக, மேம்பாலம், படி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

“அடேயப்பா, இந்தத் தபா நல்லா பழகிக்கினு வந்துகீற” என்றார். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா அவளிடம், “இரு, செய்யறத ஒழுங்கா செஞ்சுடுவோம், எந் தம்பிக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, “அய்யோ எந் தம்பி, என்ன விட்டுட்டுப் போயிட்டியே” என்று சத்தமாக, முறையாக, நான்கு தெருவுக்குக் கேட்கும்படி அழுதார். பிறகு முந்தானையை எடுத்தார். கண்ணில் ஈரம் இல்லை.

“போதுமா? ரெண்டாவது சேதிய சொல்லு.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“சொல்லு தம்பி. களி ஆறுது.”

என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போவதற்கு வெகுநேரம் ஆனது. அதுவரைக்கும் நான் அங்கேயே நின்று பார்க்க வேண்டியிருந்தது.